தனக்கு மிஞ்சித்தான் தர்மமா?

முதலில் ஒரு சின்னக் கணக்கு.

வங்கதேசத்தின் காக்ஸ் பஜார் முகாம்களில் சுமார் பத்து லட்சம் ரோஹிங்கியா அகதிகள் இருக்கிறார்கள். பெரும்பாலோர் 2017 ஆகஸ்டிலும் அதை ஒட்டிய மாதங்களிலும் மியான்மர் ராணுவத்துக்குப் பயந்து எல்லை தாண்டி ஓடி வந்தவர்கள். வெளியே போய் வேலை பார்த்துச் சம்பாதிக்க சட்டம் அவர்களை அனுமதிப்பதில்லை. எனவே ஐ.நா.வின் உலக உணவுத் திட்டம் கொடுக்கும் உணவு வவுச்சர்தான் அடுப்பெரிய வழி. 2023 பிப்ரவரி வரை அந்த வவுச்சரின் மதிப்பு ஆளுக்கு மாதம் 12 டாலர். மார்ச் 1 முதல் 10 டாலர். ஜூன் 1 முதல் 8 டாலர். அன்றைய மதிப்பில் ஒரு நாளைக்கு சுமார் 22 ரூபாய். சென்னையில் ஒரு டீ, ஒரு வடை. கதை முடிந்தது!

ஏன் குறைத்தார்கள்? விலைவாசி இறங்கிவிட்டதா? இல்லை, ஏறிக்கொண்டிருந்தது. அகதிகள் குறைந்துவிட்டார்களா? அதுவும் இல்லை. கொடுக்கிறவர்கள் கையைச் சுருக்கிக்கொண்டார்கள், அவ்வளவுதான். அந்த ஆண்டு முடிவதற்குள் முகாம் குழந்தைகளிடையே ஊட்டச்சத்துக் குறைபாடு 15 சதவீதத்தைத் தாண்டியது. அதைத் தாண்டினால் அவசர நிலை என்று உலக சுகாதார நிறுவனம் கோடு போட்டு வைத்திருக்கிறது. 2024ல் தொகை படிப்படியாகப் பழைய நிலைக்கு ஏற்றப்பட்டது. 2025 மார்ச்சில் மறுபடியும் ஒரு கடிதம்: பணம் வராவிட்டால் ஏப்ரல் முதல் 6 டாலர்தான். கடைசி நேரத்தில் பணம் வந்து அந்தமுறை தப்பித்தார்கள்.

பத்து லட்சம் பேரின் சாப்பாட்டுத் தட்டு, பல ஆயிரம் மைல் தள்ளியிருக்கும் சில அரசாங்கங்களின் மனநிலையைப் பொறுத்து ஏறி இறங்குகிறது. இதற்குத்தான் சர்வதேச உதவி என்று பெயர்.

பழமொழியும் பட்ஜெட்டும்

'தனக்கு மிஞ்சித்தான் தானமும் தர்மமும்' என்று தமிழில் ஒரு பழமொழி உண்டு. மாதச் சம்பளத்தில் குடும்பம் நடத்துகிறவர் சொன்னால் அதில் நியாயம் இருக்கிறது. பிள்ளைக்குப் பள்ளிக் கட்டணம் கட்டாமல் ஊருக்கு அன்னதானம் போட முடியாதுதான். ஆனால் உலகத்திலேயே பணக்கார அரசாங்கங்கள் இதே பழமொழியைத் தங்கள் கொள்கையாக வைத்துக்கொண்டால் என்ன நடக்கும்?

மூன்று சிக்கல்கள் வரும்.

ஒன்று, 'மிஞ்சியது' எவ்வளவு என்பதை முடிவு செய்வது கொடுக்கிறவரே. எந்த நிதியமைச்சராவது 'இந்த வருஷம் நிறைய மிஞ்சிவிட்டது' என்று சொல்லிக் கேட்டதுண்டா?

இரண்டு, உலகம் முழுவதையும் தாக்கும் நெருக்கடி பணக்கார நாட்டையும் ஏழை நாட்டையும் ஒரே நேரத்தில் தாக்கும். வாங்குகிறவருக்கு அதிகம் தேவைப்படுகிற அதே வருஷம்தான் கொடுக்கிறவருக்கு 'மிஞ்சாத' வருஷம். ஆக, மிஞ்சியதைக் கொடுப்பது என்று விதி வைத்தாலே, தேவையான நேரத்தில் உதவி இருக்காது என்பது முன்கூட்டியே முடிவாகிவிடுகிறது.

மூன்று, இது தர்மமே அல்ல. கொடுத்த வாக்கு. 1970 அக்டோபரில் ஐ.நா. பொதுச்சபையில் ஒரு தீர்மானம் நிறைவேறியது. வளர்ந்த நாடுகள் தங்கள் தேசிய வருமானத்தில் 0.7 சதவீதத்தை ஏழை நாடுகளின் வளர்ச்சிக்குக் கொடுக்க வேண்டும், எழுபதுகளின் நடுவிலேயே அந்த அளவைத் தொட முயல வேண்டும் என்றது அது. நூறு ரூபாய் வருமானத்தில் எழுபது பைசா! 2024ல் பணக்கார நாடுகள் கொடுத்தது சராசரியாக 33 பைசா. ஐம்பத்து நான்கு வருஷத்தில் பாதித் தூரம்கூட வரவில்லை. அந்த ஆண்டு எழுபது பைசாவைத் தாண்டியவை நார்வே, லக்சம்பர்க், ஸ்வீடன், டென்மார்க் என நான்கே நாடுகள். அமெரிக்கா இந்த இலக்கை ஏற்றுக்கொண்டதே இல்லை. அந்த வகையில் அது மற்றவர்களை விட நேர்மையானது என்றுகூடச் சொல்லலாம்.

வணிகவியல் படிக்கிறவர்களுக்கு இதைப் புரிந்துகொள்வது சுலபம். ஒரு கம்பெனியில் டிவிடெண்ட் என்பது லாபம் வந்தால், இயக்குநர்களுக்கு மனமிருந்தால் கொடுப்பது. இன்சூரன்ஸ் பிரீமியம் என்பது லாபமோ நஷ்டமோ கட்டியே தீர வேண்டியது. உலக நெருக்கடிக்கான உதவி பிரீமியமாக இருந்திருக்க வேண்டும். அதை டிவிடெண்ட் போல நடத்தியதுதான் எல்லாக் கோளாறுக்கும் மூலம். கொரோனா தொடங்கி நடந்ததை வரிசையாகப் பார்த்தால் இது விளங்கும்.

பிரிட்டன் போட்ட கணக்கு

0.7 சதவீதத்தைச் சட்டமாகவே இயற்றிய நாடு பிரிட்டன். 2013ல் இலக்கைத் தொட்டது, 2015ல் சட்டம் போட்டது. உலகமே கைதட்டியது. ஆனால் அந்தச் சட்டத்தில் ஒரு வசதி இருந்தது. இலக்கைத் தவறவிட்டால் தண்டனை எதுவும் கிடையாது. ஏன் தவறியது என்று அமைச்சர் நாடாளுமன்றத்தில் ஒரு அறிக்கை வைத்தால் போதும்!

2020 நவம்பரில், கொரோனா உலகத்தையே புரட்டிப் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில், அடுத்த ஆண்டு முதல் 0.7 அல்ல, 0.5 என்று பிரிட்டன் அரசு அறிவித்தது. தற்காலிகம்தான் என்றார்கள். 2021 மார்ச்சில் ஏமன் நாட்டுக்கு நிதி திரட்ட ஐ.நா. கூட்டிய மாநாட்டில் பிரிட்டன் தருவதாகச் சொன்னது 8.7 கோடி பவுண்ட். முந்தைய ஆண்டு சொன்னது 16 கோடி. ஏமனில் போர் பாதியாகக் குறைந்துவிடவில்லை. பசியும் குறையவில்லை. அந்தத் 'தற்காலிகம்' முடிந்ததா? 2025 பிப்ரவரியில் பிரதமர் ஸ்டார்மர் அதை 2027க்குள் 0.3 ஆக இறக்கப்போவதாக அறிவித்தார். மிச்சமாகும் பணம் ராணுவத்துக்கு.

சரி, கொடுத்த அந்த 0.5ஆவது வெளியே போனதா? இங்கேதான் கணக்குப்பிள்ளை வேலை ஆரம்பிக்கிறது. தன் நாட்டுக்குள் வந்து சேர்ந்த அகதிகளுக்கு முதல் 12 மாதம் ஆகும் செலவையும் 'வெளிநாட்டு வளர்ச்சி உதவி' என்று எழுதிக்கொள்ளலாம் என்று பணக்கார நாடுகளின் சங்கமான ஓ.இ.சி.டி. விதி வைத்திருக்கிறது. 2022ல் பிரிட்டன் இந்த வகையில் எழுதியது சுமார் 370 கோடி பவுண்ட். அதன் மொத்த வெளிநாட்டு உதவியில் கிட்டத்தட்ட 29 சதவீதம். பெரும்பகுதி எங்கே போனது? பிரிட்டிஷ் ஹோட்டல் முதலாளிகளுக்கு அறை வாடகையாக!

அகதிகளுக்கு இடம் கொடுப்பது தவறே இல்லை. கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குச் சோறு போட்ட செலவை, 'பக்கத்து ஊர் பள்ளிக்கூடத்துக்கு நன்கொடை' என்று பேரேட்டில் எழுதினால் அதற்கு என்ன பெயர்? பள்ளிக்கூடத்துக்குப் போக வேண்டிய பணம் போகவில்லை என்பதுதானே உண்மை? லக்சம்பர்க் போன்ற நாடு இந்தச் செலவை உதவிக் கணக்கில் சேர்ப்பதில்லை. ஆக, சேர்க்காமலும் இருக்க முடியும்.

இதனால்தான் மொத்தத் தொகையைப் பார்த்து ஏமாறக்கூடாது. 2022ல் உலக வளர்ச்சி உதவி 20,000 கோடி டாலரைத் தாண்டி சாதனை படைத்தது என்று செய்தி வந்தது. முந்தைய ஆண்டை விட 13.6 சதவீதம் அதிகம் என்று ஓ.இ.சி.டி. முதலில் வெளியிட்ட கணக்கு சொன்னது. நல்ல விஷயம்தானே? உள்ளே போய்ப் பார்த்தால், ஏழில் ஒரு பங்கு பணக்கார நாடுகளுக்குள்ளேயே அகதிகளுக்குச் செலவான பணம். இன்னொரு பெரும்பங்கு உக்ரைனுக்கு. அதே கணக்குப்படி சஹாராவுக்குத் தெற்கே உள்ள ஆப்பிரிக்காவுக்கு நேரடியாகப் போன உதவி 7.8 சதவீதம் குறைந்திருந்தது. உக்ரைன் போரால் கோதுமையும் உரமும் விலை ஏறி அதிகம் அடி வாங்கிய கண்டங்களில் ஒன்று ஆப்பிரிக்கா! மொத்தம் ஏறுகிறது, ஏழைக்கு இறங்குகிறது. இதைச் செய்ய யாரும் பொய்க்கணக்கு எழுத வேண்டியதில்லை. விதிப்படியே எழுதினால் போதும்.

தானமாக வந்த மாடு

தடுப்பூசி விஷயத்துக்கு வருவோம். ஏழை நாடுகளுக்கும் கொரோனா தடுப்பூசி கிடைக்க வேண்டும் என்று 2020ல் கோவாக்ஸ் என்ற கூட்டு ஏற்பாடு தொடங்கப்பட்டது. 2021 முடிவதற்குள் 200 கோடி டோஸ் கொடுப்பது இலக்கு. நடந்தது என்ன? நூறு கோடியாவது டோஸ் போய்ச் சேர்ந்ததே 2022 ஜனவரியில். அதற்குள் பணக்கார நாடுகள் மருந்துக் கம்பெனிகளோடு தனித்தனியாக ஒப்பந்தம் போட்டு, தங்கள் மக்கள்தொகைக்குத் தேவையானதைப் போலப் பல மடங்கு ஆர்டர் செய்து, வரிசையில் முன்னால் போய் நின்றுகொண்டன.

இதில் இந்தியாவையும் விட்டுவிட முடியாது. கோவாக்ஸ் பெரிதும் நம்பியிருந்தது புனேயின் சீரம் இன்ஸ்டிடியூட்டை. 2021 மார்ச்சில் இரண்டாம் அலை எழுந்ததும் ஏற்றுமதி நிறுத்தப்பட்டது. மறுபடி கோவாக்ஸுக்குப் பெட்டி கிளம்பியது நவம்பரில். ஆக்சிஜன் இல்லாமல் மக்கள் செத்துக்கொண்டிருந்தபோது எடுத்த முடிவு அது. குற்றம் சொல்வது கடினம். ஆனால் பாடம் அதேதான்: தனக்கு மிஞ்சினால்தான் என்ற ஏற்பாட்டின் மேல் உலகத்தின் உயிரைக் கட்டித் தொங்கவிட்டால் கயிறு இப்படித்தான் அறுந்துபோகும்.

பிறகு பணக்கார நாடுகளிடம் ஊசி மிச்சமானது. தானம் ஆரம்பமானது. காலாவதித் தேதி நெருங்கிய பெட்டிகள் விமானமேறின. குளிர்பதன வசதி, ஊசி போடுகிற ஆட்கள், கிராமத்துக்குக் கொண்டுபோகிற வண்டி என எதற்கும் நேரம் தராமல் சில வார ஆயுளோடு வந்து இறங்கின. 2021 டிசம்பரில் நைஜீரியா பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட காலாவதியான டோஸ்களைக் குப்பைமேட்டில் கொட்டி அழித்தது. உடனே 'ஆப்பிரிக்காவுக்குக் கொடுத்தாலும் பயன்படுத்தத் தெரியவில்லை' என்று ஒரு பேச்சு. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக்கூடாதாம். நாளைக்குச் சாகப்போகிற மாட்டை இன்று ஓட்டிவிட்டு, அதைத் தர்மக் கணக்கில் எழுதுகிறவரை என்ன செய்வது?

ஆம், எழுதினார்கள்! 2021ல் மிச்சமான தடுப்பூசிகளை தானம் செய்த நாடுகள் ஒரு டோஸுக்கு 6.72 டாலர் வீதம் வளர்ச்சி உதவியாகக் கணக்குக் காட்ட அனுமதிக்கப்பட்டது. கோவாக்ஸ் வாங்கிய ஊசிகளின் சராசரி விலை அது என்றார்கள். சீரம் நிறுவனம் கோவாக்ஸுக்கு ஒப்புக்கொண்ட அதிகபட்ச விலையோ டோஸுக்கு 3 டாலர். ஏழை நாடுகளே தயாரித்துக்கொள்ள வசதியாக காப்புரிமையைத் தளர்த்துங்கள் என்று இந்தியாவும் தென் ஆப்பிரிக்காவும் 2020 அக்டோபரிலேயே உலக வர்த்தக நிறுவனத்தில் கேட்டன. பதில் வந்தது 2022 ஜூனில், அதுவும் நீர்த்துப்போன வடிவில். தானம் தருகிறோம், தயாரிக்கிற உரிமை மட்டும் கேட்காதே!

தள்ளுபடி அல்ல, தள்ளிவைப்பு

கொரோனாவில் பணக்கார நாடுகள் தங்கள் மக்களுக்காக அள்ளி இறைத்தன. அமெரிக்கா 2020 மார்ச்சில் போட்ட ஒரே ஒரு நிவாரணச் சட்டத்தின் மதிப்பு சுமார் 2.2 லட்சம் கோடி டாலர். அந்த ஆண்டு எல்லாப் பணக்கார நாடுகளும் சேர்ந்து உலகத்துக்குக் கொடுத்த வளர்ச்சி உதவியைப் போல 13 மடங்குக்கும் மேல். அப்படியானால் 'மிஞ்சவில்லை' என்பது எங்கே நிற்கிறது?

ஏழை நாடுகளுக்கு என்ன கிடைத்தது? ஜி-20 நாடுகள் ஒரு சலுகை அறிவித்தன. 2020 மே முதல் 2021 டிசம்பர் வரை கடன் தவணை கட்ட வேண்டாம். தகுதி பெற்ற 73 நாடுகளில் 48 சேர்ந்தன. நின்ற தவணை சுமார் 1,290 கோடி டாலர். கவனிக்க: இது தள்ளுபடி அல்ல, தள்ளிவைப்பு. பிறகு கட்டியாக வேண்டும். அரசாங்கங்கள் இவ்வளவாவது செய்தன. பத்திரம் வாங்கி வைத்திருந்த தனியார் முதலீட்டாளர்களும் வரும்படி அழைக்கப்பட்டார்கள். அவர்கள் வரவில்லை. வட்டி தேதி தவறாமல் கேட்டார்கள்.

2021 ஆகஸ்டில் சர்வதேச நிதியம் 65,000 கோடி டாலர் மதிப்புள்ள சிறப்பு இருப்பை உறுப்பு நாடுகளுக்குப் பங்கிட்டது. யாருக்கு எவ்வளவு? நிதியத்தில் யாருக்குப் பங்கு பெரிதோ அவருக்கே அதிகம். மிக ஏழை நாடுகள் எல்லாவற்றுக்கும் சேர்த்துக் கிடைத்தது சுமார் 2,100 கோடி. ஏப்பம் விட்டவர் இலையிலேயே இன்னொரு கரண்டி பாயசம்!

இந்த இடத்தில் ஜாம்பியாவைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. அந்த நாட்டில் பிறந்த பொருளாதார நிபுணர் டாம்பிசா மோயோ 2009ல் 'டெட் எய்ட்' என்று ஒரு புத்தகம் எழுதினார். உதவிப் பணம் ஆப்பிரிக்காவைக் கெடுக்கிறது, ஊழலை வளர்க்கிறது, அதை நிறுத்திவிட்டு பத்திரச் சந்தைக்குப் போங்கள் என்பது அதன் வாதம். மேற்கு நாடுகளில் பெரிய வரவேற்பு. ஜாம்பியா 2012ல் முதல்முறையாக சர்வதேசச் சந்தையில் டாலர் பத்திரம் விற்றது. 75 கோடி டாலர். 2014லும் 2015லும் மறுபடி விற்றது. செம்பு விலை இறங்கியது, கடன் ஏறியது, கொரோனா வந்தது. 2020 நவம்பரில் 4.25 கோடி டாலர் வட்டியைக் கட்ட முடியாமல் நாடு திவால் நிலைக்குப் போனது. கடன்காரர்களோடு பேசி முடிக்க 2024 வரை இழுத்தது. ஜாம்பியாவை ஆண்டவர்களின் ஊதாரித்தனம் இதில் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் உதவிக்கு மாற்று சந்தைதான் என்கிறவர்கள் ஒன்றுக்குப் பதில் சொல்ல வேண்டும். உலக நெருக்கடியில் உதவி சுருங்குகிறது என்றால், சந்தை மட்டும் விரிகிறதா? அது இன்னும் வேகமாக ஓடிப்போகிறது.

துபாய் கிடங்கில் பிஸ்கட்

2025 ஜனவரி 20. அமெரிக்காவில் ஆட்சி மாறிய முதல் நாளே வெளிநாட்டு உதவியை 90 நாள் நிறுத்தி வைக்க உத்தரவு. 1961ல் கென்னடி உருவாக்கிய யு.எஸ்.எய்ட் அமைப்பின் திட்டங்களில் 83 சதவீதம் மார்ச்சில் ரத்து. ஜூலை 1 முதல் அந்த அமைப்பே இல்லை, மிச்சம் மீதி வெளியுறவுத் துறைக்குள் போனது. 2024ல் உலகின் மொத்த வளர்ச்சி உதவியில் பத்தில் மூன்று பங்கு அமெரிக்காவுடையது. அமெரிக்க பட்ஜெட்டிலோ அது சுமார் ஒரு சதவீதம்தான். கொடுக்கிறவருக்கு ஒரு சதவீதம், வாங்குகிறவருக்கு எச்.ஐ.வி. மாத்திரை, பிரசவ மருத்துவமனை, குழந்தைக்கான சத்துணவு.

பணத்தை மிச்சப்படுத்தத்தான் இதெல்லாம் என்றார்கள். அதே ஜூலையில் வெளிவந்த செய்தி: அவசரகால சத்து பிஸ்கட் சுமார் 500 டன், வரிப்பணத்தில் ஏற்கெனவே வாங்கி துபாய் கிடங்கில் இருந்தது, அனுப்பச் சொல்ல ஆளில்லாமல் காலாவதியாகிவிட்டது. மதிப்பு சுமார் எட்டு லட்சம் டாலர். அதை எரித்து அழிக்க மேலும் 1,30,000 டாலர் செலவு! இதில் எங்கே இருக்கிறது சிக்கனம்? பசித்தவனுக்கும் போகவில்லை, பணமும் மிஞ்சவில்லை.

'கொடுத்து என்ன பயன்?'

மறுதரப்பின் வாதங்களில் வலுவானது இது: உதவி ஊழலில் கரைகிறது, நாடுகளைச் சோம்பேறியாக்குகிறது, சொந்தக் காலில் நிற்க விடுவதில்லை.

இதற்குப் பதில் இந்தியாவின் கதையிலேயே இருக்கிறது. 1954ல் அமெரிக்கா போட்ட பி.எல். 480 சட்டத்தின் கீழ் இந்தியாவுக்குக் கோதுமை கப்பல் கப்பலாக வந்தது. 1965லும் 66லும் அடுத்தடுத்து மழை பொய்த்தது. நாடு அமெரிக்கக் கோதுமையை நம்பி நின்ற அந்த நேரம் பார்த்து ஜனாதிபதி ஜான்சன் நீண்டகால ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல், மாதா மாதம் கொஞ்சம் கொஞ்சமாக மட்டும் விடச் சொன்னார். விவசாயக் கொள்கையை மாற்று என்ற நெருக்கடி ஒரு பக்கம், வியட்நாம் போரை இந்தியா விமர்சித்த கோபம் இன்னொரு பக்கம். அப்போது உணவு, விவசாயத் துறை அமைச்சராக இருந்தவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த சி. சுப்பிரமணியம். 1966ல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் குட்டை ரகக் கோதுமை விதை இறக்குமதியானது. அந்த ரகங்களை உருவாக்கிய நார்மன் போர்லாக்கின் ஆராய்ச்சி வெளிநாட்டு அறக்கட்டளைப் பணத்தில் நடந்தது. சில வருஷங்களில் இந்திய வயல்களின் கதை மாறியது.

இதில் என்ன தெரிகிறது? 'உதவியே கூடாது' என்பதா? விதையும் ஆராய்ச்சியும் உதவிதானே! அவமானப்படுத்தியது உதவி அல்ல. கயிற்றை இன்னொருவர் கையில் வைத்துக்கொண்டு, மாதா மாதம் இழுத்தும் விட்டும் விளையாடிய முறைதான். சொந்தக் காலில் நிற்க வைத்தது, நின்று நிதானமாக வந்த உதவி. அடுத்த மாதம் வருமா என்று தெரியாத பணத்தை வைத்து எந்த நாடும் ஆஸ்பத்திரி கட்ட முடியாது, நர்ஸை வேலைக்கு எடுக்க முடியாது. அப்படிப்பட்ட பணம் ஊழலில் கரைந்தால் ஆச்சரியமும் இல்லை. நிலையில்லாத பணத்தைக் கண்டால் கிடைத்தவரை சுருட்டத்தான் தோன்றும்.

நேரத்தில் வந்தால் பலன் உண்டு என்பதற்கு சோமாலியாவே சாட்சி. 2010 ஆகஸ்டிலிருந்தே அங்கே பஞ்சம் வரலாம் என்ற எச்சரிக்கைகள் வந்துகொண்டிருந்தன. பணம் வரவில்லை. 2011 ஜூலை 20ல் ஐ.நா. அதிகாரபூர்வமாகப் பஞ்சம் என்று அறிவித்த பிறகுதான் உலகம் பர்ஸைத் திறந்தது. செத்தவர்கள் சுமார் 2,60,000 பேர், பாதிக்கும் மேல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். 2017ல் அதே நாட்டில் கடும் வறட்சி. இந்த முறை ஆண்டின் ஆரம்பத்திலேயே பணம் வந்தது. பஞ்சம் தவிர்க்கப்பட்டது. அதே நாடு, அதே போர், அதே ஊழல். மாறியது பணம் வந்த தேதி மட்டுமே!

பாக்கி என்ற வார்த்தை

அப்படியானால் என்னதான் செய்ய வேண்டும்? இரக்கம் காட்டச் சொல்லி இன்னும் சத்தமாகக் கேட்பதா? ஐம்பது வருஷம் கேட்டாயிற்று. மாற்ற வேண்டியது ஏற்பாட்டை.

ஐ.நா.வில் இரண்டு வகைப் பணம் உண்டு. அமைதிப்படைக்கான செலவு உறுப்பு நாடுகளுக்குப் பங்கிட்டு விதிக்கப்படுகிறது. வசதிக்கேற்ப இவ்வளவு, கட்டியாக வேண்டும். ஆனால் பட்டினிக்குச் சோறு போடும் உலக உணவுத் திட்டம் முழுக்க முழுக்க விருப்ப நன்கொடையில் ஓடுகிறது. அகதிகளுக்கான ஆணையமும் கிட்டத்தட்ட அப்படியே. விளைவு? உலக உணவுத் திட்டத்துக்கு 2022ல் வந்தது சுமார் 1,410 கோடி டாலர். 2023ல் 830 கோடி. ஒரே வருஷத்தில் நாற்பது சதவீதம் காணோம்! எந்த வியாபாரமாவது இப்படி நடக்குமா? 2023ல் ஐ.நா. உலகளவில் விடுத்த மனிதாபிமான உதவி வேண்டுகோளில் பாதிகூடத் தேறவில்லை.

ஆகவே கோரிக்கை ஒன்றே ஒன்று. பட்டினி, அகதிகள், தொற்றுநோய் ஆகிய மூன்றுக்குமான அடிப்படைச் செலவை நன்கொடைப் பட்டியலிலிருந்து எடுத்து சந்தாப் பட்டியலில் போடுங்கள். நடக்காத காரியமில்லை. உலக சுகாதார நிறுவனத்தில் கட்டாயச் சந்தாவின் பங்கு ஐந்தில் ஒன்றுக்கும் கீழே இருந்தது. கொரோனாவில் பட்ட பிறகு, 2030-31க்குள் அதைப் பாதியாக உயர்த்துவது என்று 2022 மே மாதம் உறுப்பு நாடுகளே ஒப்புக்கொண்டன. பணம் தானாகப் போய்ச் சேரும் ஏற்பாடும் புதிதல்ல. இந்தியாவில் நூறு நாள் வேலைச் சட்டம் நிறைவேறிய அதே 2005ல், எத்தியோப்பியா லட்சக்கணக்கான ஏழைக் குடும்பங்களுக்கு வருஷா வருஷம் வறண்ட மாதங்களில் வேலைக்குப் பணமோ தானியமோ தரும் திட்டத்தைத் தொடங்கியது. பஞ்சம் வந்த பிறகு தட்டேந்துவதற்குப் பதில், பஞ்சத்தை எதிர்பார்த்துப் பணத்தை முன்பே ஒதுக்கி வைக்கும் முறை.

'சந்தா என்று போட்டால் மட்டும் கட்டிவிடுவார்களா? ஐ.நா. சந்தாவையே அமெரிக்கா பாக்கி வைக்கிறதே?' என்ற கேள்வி வரும். நியாயமான கேள்வி. பதில் அதிலேயே இருக்கிறது. பாக்கி!

நன்கொடையைக் குறைத்தால் அது எந்தப் பேரேட்டிலும் ஏறாது. போன வருஷம் 16 கோடி, இந்த வருஷம் 8.7 கோடி. குறைத்தவருக்கு மேடையில் நன்றி சொல்லி மாலை போட வேண்டும், ஏனென்றால் அவர் 'கொடுத்தவர்'. சந்தா அப்படியல்ல. கட்டாத தொகை பெயரோடு, ஆண்டோடு, கடனாக நிற்கும். இரண்டு ஆண்டுச் சந்தா அளவுக்கு பாக்கி சேர்ந்தால் பொதுச்சபையில் ஓட்டுரிமை போகலாம் என்று ஐ.நா. சாசனத்தின் 19ஆம் பிரிவு சொல்கிறது. ஓட்டு போகிறதோ இல்லையோ, யார் கொடுத்தவர், யார் கொடுக்காமல் விட்டவர் என்பதை ஒரு பதிவேடு சொல்லும். இன்று முகாமில் ஒரு குழந்தை மெலிந்தால் கேட்பதற்கு ஆளில்லை, ஏனென்றால் யாரும் எதையும் கடன்படவில்லை. எல்லாரும் வள்ளல்கள்!

தனக்கு மிஞ்சித்தான் தர்மம் என்கிறவர்கள் அப்படியே சொல்லிக்கொள்ளட்டும். யாரும் அவர்களிடம் தர்மம் கேட்கவில்லை. 1970ல் கையெழுத்தில்லாமல் சொன்ன சொல்லை ரசீது போட்டுக் கட்டுங்கள் என்றுதான் கேட்கிறார்கள். அடுத்த உலக நெருக்கடி எப்போது, எந்த உருவத்தில் வரும் என்று தெரியாது. ஆனால் அது வரும்போது பணக்கார நாடுகளுக்கு 'மிஞ்சாது' என்பது மட்டும் இப்போதே தெரியும். தெரிந்த நஷ்டத்துக்கு முன்கூட்டியே ஒதுக்கீடு செய்து வைக்காத கணக்கை எந்தத் தணிக்கையாளராவது சரி என்று கையெழுத்துப் போடுவாரா?